கணினிக்குள் ஒரு கணினி

பின்வரும் பகுதியை வாசித்திடுக. முக்கியக் கருத்துகளை அடையாளங்கண்டு கூறிடுக.

பேழைக்குள் அடைபட்ட எழுத்து

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது தம்போய். ஒரு பக்கம் தொழிற்பேட்டை. மறுபக்கம் வரிசை வரிசையாக வீடமைப்புப் பகுதிகள். விடிவதற்கு முன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்களின் ஓசையோடுதான் இங்குப் பல வீடுகளில் பொழுது புலர்கிறது. இத்தகைய வீடொன்றில் வாழும் படிவம் நான்கு மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அவளுடைய தாத்தா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். பணி ஓய்வுக்குப் பின்னர், தாம் வாழ்ந்த தோட்டத்தின் கதையைக் கணினியில் தட்டச்சு செய்து வந்தார். லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், கோயில் திருவிழாவில் யார் கரகம் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதாகச் சொல்வார். தோட்டம் அழிக்கப்பட்டு வீடுகள் எழுந்துவிட்டன. தாத்தாவும் மறைந்துவிட்டார். அவருடைய கணினியோ பழுதாகி, அலமாரியின் அடியில் தூசி படிந்து கிடந்தது.

நல்லவேளையாக, உள்ளிருந்த வன்தட்டு கெடவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் அதைக் கழற்றி எடுத்து, அதிலிருந்த கோப்புகளைத் தங்கையின் மடிக்கணினிக்கும் ஒரு விரலிக்கும் படியெடுத்தான். மாணவி ஆவலோடு ஒரு கோப்பைத் திறந்தாள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. புள்ளியும் கோடும் தலையில் சுமந்த அயல்மொழி எழுத்துகளே திரை முழுதும் நிறைந்திருந்தன.

“தாத்தா எழுதியதெல்லாம் போய்விட்டதா?” என்று அம்மா கேட்டார்.

எதுவும் போகவில்லை. இன்று கணினியிலும் திறன்பேசியிலும் தமிழை எழுதப் பயன்படுவது யூனிகோடு குறியீடு. 1991-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும், அது பரவலான பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில், ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கையாண்டது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு இக்குழப்பத்தைக் குறைக்க முயன்றது. அதன் பின்னரும் பழைய எழுத்துருக்கள் பலருடைய கணினிகளில் தொடர்ந்து வாழ்ந்தன. தாத்தா பயன்படுத்திய எழுத்துருவும் சொல்செயலியும் அத்தகையவையே. அவற்றை நிறுவும் குறுவட்டும், அவர் விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி குறுவட்டும் உரிம எண்ணோடு மேசை இழுப்பறையில் இருந்தன. ஆனால், அவை புதிய மடிக்கணினியில் ஓட மறுத்தன. பழைய மென்பொருளுக்குப் பழைய கணினி வேண்டும். அதை எங்கே தேடுவது?

“தேட வேண்டாம். உன் கணினிக்குள்ளேயே ஒன்றை உருவாக்கிக்கொள்,” என்றான் அண்ணன்.

மெய்நிகர் கணினி என்பது யாது?

தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே நீண்ட கூரை. அதன் கீழே பல வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டுச் சமையல் நிற்பதில்லை. மெய்நிகர் கணினியும் இவ்வாறே செயல்படுகிறது. உண்மையான கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றில் ஒரு பகுதியை மென்பொருள் பிரித்துக் கொடுக்கிறது. அப்பகுதியில் குடியேறும் இயங்குதளம், தனக்கென ஒரு முழுக் கணினி இருப்பதாகவே எண்ணி இயங்குகிறது.

வீட்டைக் கொடுக்கும் உண்மையான கணினி ‘புரவலர்’ எனப்படும். அதில் குடியேறும் இயங்குதளம் ‘விருந்தினர்’ எனப்படும். இரண்டுக்கும் இடையே நின்று பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளே மெய்நிகராக்க மென்பொருளாகும். விருந்தினர் கணினி உறைந்து நின்றாலும் புரவலர் கணினிக்குக் கேடில்லை. அதன் வன்தட்டு என்பதும் உண்மையில் புரவலர் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்புதான். வேண்டாதபோது அக்கோப்பை அழித்துவிடலாம். வேறு கணினிக்கும் கொண்டு செல்லலாம்.

அறுபது ஆண்டுக்கால வரலாறு

இத்தொழில்நுட்பம் புதியதன்று. 1960-களில் கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. அதன் விலையோ மிக அதிகம். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி தேடினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையம் சி.பி.-40 என்னும் அமைப்பை உருவாக்கியது. பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மெய்நிகர் கணினியை அது வழங்கியது. அதன் வழிவந்த வி.எம்./370 என்னும் இயங்குதளத்தை ஐ.பி.எம். 1972-ஆம் ஆண்டு அறிவித்தது. 1974-இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் ஆகிய இருவரும், ஒரு கணினியை முறையாக மெய்நிகராக்குவதற்கு வேண்டிய நிபந்தனைகளை வரையறுத்தனர்.

பின்னர், சிறிய கணினிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இதன் தேவை குறைந்தது. 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், அடுத்த ஆண்டே மேசைக்கணினியில் இயங்கும் மெய்நிகராக்க மென்பொருளை வெளியிட்டது. 2005-இல் இன்டெல் நிறுவனமும் 2006-இல் ஏ.எம்.டி. நிறுவனமும் இப்பணிக்கான சிறப்பு வசதியைச் செயலிக்குள்ளேயே பதித்து விற்பனைக்குக் கொண்டு வந்தன. 2007-இல் கே.வி.எம். என்னும் மெய்நிகராக்க வசதி லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இன்னோடெக் என்னும் ஜெர்மானிய நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. மாணவி தன் மடிக்கணினியில் நிறுவியதும் இந்த விர்ச்சுவல்பாக்ஸையே.

அளவறிந்து பங்கிடுதல்

மெய்நிகர் கணினியை அமைப்பவர் ஐந்து கூறுகளைத் தாமே முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, நினைவகம். விருந்தினருக்குக் கொடுக்கும் நினைவகம் புரவலரிடமிருந்தே எடுக்கப்படுகிறது. 8 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியில் 7 கிகாபைட்டை விருந்தினருக்கு வழங்கினால், புரவலர் மூச்சுத் திணறும். இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். உபுண்டு 24.04 போன்ற இன்றைய இயங்குதளத்திற்கு 4 கிகாபைட் பரிந்துரைக்கப்படுகிறது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ 512 மெகாபைட் தாராளம்.

இரண்டாவது, செயலி. செயலியின் உட்கருக்கள் அனைத்தையும் விருந்தினருக்குக் கொடுத்துவிடக் கூடாது. பழைய இயங்குதளத்திற்கு ஒன்றே போதும்.

மூன்றாவது, வன்தட்டு. ‘வளரும் வகை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், 10 கிகாபைட் என்று குறிப்பிட்டாலும் பயன்படுத்திய அளவுக்கே கோப்பு வளரும். ‘நிலையான வகை’ முழு இடத்தையும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, வலையமைப்பு. இதில் கூடுதல் கவனம் தேவை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. அதன் பின்னர்க் கண்டறியப்படும் ஓட்டைகள் பொதுவாக அடைக்கப்படுவதில்லை. ஆகவே, அத்தகைய பழைய இயங்குதளத்தை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பதே அறிவுடைமை.

ஐந்தாவது, நிலைப்பதிவு. ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன்பு மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கலாம். தவறு நேர்ந்தால் ஒரு சொடுக்கில் அந்நிலைக்குத் திரும்பலாம். எனினும், நிலைப்பதிவு காப்புப்படிக்கு ஈடாகாது. மடிக்கணினியே பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். இதனால்தான் அண்ணன் கோப்புகளை முதலில் விரலியிலும் படியெடுத்து வைத்தான்.

போன ஆண்டுப் பஞ்சாங்கம்

மாணவி இணையத்தில் தேடியதும் படங்களோடு கூடிய ஒரு வழிகாட்டி கிடைத்தது. அழகாகவும் எளிமையாகவும் இருந்தது. அதன்படியே ஒவ்வொரு படியாகச் செய்தாள்.

“முடுக்கம் என்னும் பகுதியில் வன்பொருள் மெய்நிகராக்கத்திற்கான கட்டத்தைக் குறியிடுக. உங்கள் செயலியில் இவ்வசதி இல்லையேல் குறியிடாமலும் தொடரலாம்,” என்றது வழிகாட்டி. அவள் எவ்வளவு தேடியும் அப்படியொரு கட்டமே இல்லை. சரி, பரவாயில்லை என்று தொடர்ந்தாள். மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்துப் பிழைச்செய்தி காட்டியது.

அடுத்து, வேறொரு வழிகாட்டியைத் தேடினாள். அதில் சொன்னபடி வன்தட்டு இணைப்பைச் சாட்டா வகைக்கு மாற்றினாள். மூன்றாவது வழிகாட்டி வேறொன்றைச் சொன்னது, அதையும் செய்தாள். இரவு பதினொரு மணியாகியும் வேலை நடக்கவில்லை. எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதும் அவளுக்கு மறந்துவிட்டது. ‘நமக்கு இது வராது’ என்னும் எண்ணம் தலைதூக்கியது.

அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

“உன்னிடம் இருப்பது எத்தனையாவது பதிப்பு?”

“ஏழு, அண்ணா.”

“நீ படிக்கும் வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதியது?”

அவள் மேலே சென்று பார்த்தாள். ஐந்தாம் பதிப்பு.

“போன ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்து இந்த ஆண்டு தீபாவளிக்கு நாள் பார்க்கிறாய். பஞ்சாங்கம் பொய்யில்லை, ஆண்டுதான் வேறு,” என்றான் அண்ணன்.

அவன் கூறியது உண்மை. ஐந்தாம் பதிப்பில் அந்தக் கட்டம் இருந்தது. 2019 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பு, செயலியின் சிறப்பு வசதியின்றி மெய்நிகராக்கும் பழைய முறையைக் கைவிட்டது. தெரிவு இல்லாமற்போனதால் கட்டமும் நீக்கப்பட்டது. யு.எஸ்.பி. கருவிகளின் நிலையும் இதுவே. முன்பு விரைவான யு.எஸ்.பி. இணைப்புக்கு நீட்சித் தொகுப்பு ஒன்றைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. 2022-இல் வந்த 7.0 பதிப்பில் அவ்வசதி அடிப்படை மென்பொருளிலேயே சேர்ந்துவிட்டது. பழைய வழிகாட்டியை எழுதியவர் பிழை செய்யவில்லை; அவர் எழுதிய காலத்தில் அது சரியே.

சரியான ஆவணத்தைக் கண்டறிவது எப்படி?

மென்பொருளை ஆக்கியவரே வெளியிடும் பயனர் கையேடு முதன்மை ஆவணமாகும். பிறர் எழுதும் வழிகாட்டிகள் துணை ஆவணங்கள். முதன்மை ஆவணத்தை அடைவதற்குப் பின்வரும் வழிமுறை உதவும்.

முதலில், தம்மிடம் உள்ள மென்பொருளின் பதிப்பு எண்ணை அறிந்துகொள்ள வேண்டும். உதவிப் பட்டியலில் ‘குறித்து’ என்னும் பகுதியில் அது இருக்கும். இரண்டாவதாக, மென்பொருளோடு சேர்ந்து வரும் கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் உதவிப் பட்டியலிலேயே அதன் கையேடு கிடைக்கிறது. நிறுவிய பதிப்புக்கு உரிய கையேடு என்பதால் பதிப்பு முரண்பாட்டுக்கு இடமில்லை. மூன்றாவதாக, வெளியீட்டுக் குறிப்புகளை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பிலும் எது சேர்ந்தது, எது நீங்கியது என்பதை அவை பட்டியலிடும். நான்காவதாக, துணை வழிகாட்டியைப் பயன்படுத்தினால், அது எந்தப் பதிப்புக்கு, எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். நாளும் பதிப்பும் குறிப்பிடாத வழிகாட்டியை ஐயத்தோடு அணுகுவது நலம்.

சில வேளைகளில் ஆவணம் இருந்த இடமே மாறிவிடும். விர்ச்சுவல்பாக்ஸை உருவாக்கிய இன்னோடெக் நிறுவனத்தை 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. வி.எம்.வேர் 2004-இல் ஈ.எம்.சி. நிறுவனத்தின் கைக்கும், 2016-இல் டெல் நிறுவனத்தின் கைக்கும் சென்றது. 2021-இல் தனித்து நின்று, 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனத்தைச் சேர்ந்தது. அதன் பின்னர், அதன் ஆவணங்களும் பிராட்காமின் தளத்திற்கு இடம்பெயர்ந்தன. வீட்டுக்காரர் மாறினால் கடிதப்பெட்டியும் மாறுவது இயல்பே. பழைய நூல்களில் அச்சிடப்பட்ட இணைய முகவரிகள் பல இன்று திறக்காததற்கு இதுவே காரணம். அப்போது, பழைய முகவரியோடு போராடாமல், மென்பொருளின் இன்றைய உரிமையாளர் யார் என்பதை அறிந்து அங்கிருந்து தேட வேண்டும்.

பழைய பதிப்பின் ஆவணமே தேவைப்படும் நேரமும் உண்டு. 1996-இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணக் காப்பகம், மறைந்துபோன வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்து வைத்துள்ளது. புதியதுதான் சிறந்தது என்பதில்லை. கையிலுள்ள பதிப்புக்குப் பொருந்துவதே சிறந்தது.

வாசலுக்கு அருகே வந்த தொழில்

இத்திறன் ஒரு மாணவியின் வீட்டோடு நிற்பதன்று. தம்போயிலிருந்து வடக்கே கூலாயில் உள்ள செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவிலும், மேற்கே இஸ்கண்டார் புத்ரியில் உள்ள நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்காவிலும் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. 2019-இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கான ஒப்புதலைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. முதலீட்டாளர்களின் பார்வை ஜொகூரின் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது.

மேகக் கணிமைச் சேவையில் ‘ஒரு கணினியை வாடகைக்கு எடுத்தல்’ என்பது பெரும்பாலும் ஒரு மெய்நிகர் கணினியை எடுப்பதே. அங்கும் நினைவகம், செயலி, வன்தட்டு, வலையமைப்பு ஆகியவற்றையே அளவறிந்து பங்கிடுகின்றனர். பல வழங்கிகளின் வேலையை ஒரே வழங்கியில் அடக்குவதால் மின்சாரமும் மிச்சமாகிறது. இவ்வேலையைக் கற்பதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும், கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளும், கையேட்டை வாசிக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் பக்கம்

மறுநாள் மாணவி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். இம்முறை கையேட்டை முதலில் வாசித்தாள். தன் செயலியில் மெய்நிகராக்க வசதி இருந்தும், கணினியின் தொடக்க அமைப்பில் அது முடக்கப்பட்டிருந்ததை அறிந்து இயக்கினாள். சேமிப்பகம் பற்றிய இயலில் ஓர் உண்மை காத்திருந்தது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகளில் சாட்டா வன்தட்டை அறியும் இயக்கி இல்லை. ஆகவே, எக்ஸ்பி அதைக் காணாது. இணைப்பை ஐ.டி.ஈ. வகைக்கு மாற்றினாள். நிறுவல் தடையின்றி முடிந்தது. உடனே ஒரு நிலைப்பதிவு எடுத்தாள். பிறகு, தாத்தாவின் சொல்செயலியையும் எழுத்துருவையும் நிறுவினாள்.

கோப்பைத் திறந்தபோது, திரையில் தமிழ் தெரிந்தது. ‘எங்கள் தோட்டம்’ என்பது தலைப்பு. அதன் கீழே, லயத்து வீடுகளின் வரிசையில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள். ஏழாவது வீட்டில் தன் பாட்டியின் பெயரைக் கண்டதும் அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

வேலை அத்துடன் முடியவில்லை. எழுத்துரு மாற்றியின் துணையோடு கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மெய்நிகர் கணினியில் தெரியும் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டியிருந்தது. சில இடங்களில் ஒற்றெழுத்துகள் தவறிப்போயிருந்தன. அவற்றைக் கையால் திருத்தினாள். மூன்று கோப்புகள் கடைசிவரை திறக்கவேயில்லை. அவை வன்தட்டிலேயே சிதைந்திருந்தன. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் எல்லாமே அப்படிப் போயிருக்கக்கூடும்.

இறுதியாக, தான் செய்த ஒவ்வொரு படியையும் அவள் ஒரு தாளில் எழுதினாள். மேலே தேதியையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் மறவாமல் குறித்தாள். அந்தத் தாளும் ஒருநாள் பழைய பஞ்சாங்கமாகும். ஆனால், அதைக் கையில் எடுப்பவர் எந்த ஆண்டுப் பஞ்சாங்கம் என்பதை அறிந்துகொள்வார்.

அருஞ்சொற்பொருள்

மெய்நிகர் – உண்மை போன்றே இயங்குவது
புரவலர் – ஆதரிப்பவர். இங்கு, இடமளிக்கும் கணினி
விரலி – கையடக்கச் சேமிப்புக் கருவி
நிலைப்பதிவு – குறித்த நேரத்து நிலையைப் பதிந்து வைத்தல்
வழங்கி – பிற கணினிகளுக்குச் சேவை அளிக்கும் கணினி

கருத்துணர் கேள்விகள்

1. தாத்தாவின் கோப்பு புதிய மடிக்கணினியில் தமிழில் தெரியாததற்குக் காரணம் யாது?
2. மெய்நிகர் கணினியை லயத்து வீட்டோடு ஒப்பிட்டு விளக்கிடுக.
3. நிலைப்பதிவு காப்புப்படிக்கு ஈடாகாது. ஏன்?
4. ‘பஞ்சாங்கம் பொய்யில்லை, ஆண்டுதான் வேறு’ என்னும் அண்ணனின் கூற்று உணர்த்தும் கருத்தை எழுதிடுக.
5. உன் குடும்பத்தில் அல்லது ஊரில் பாதுகாக்கப்பட வேண்டிய பழைய ஆவணம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதனைக் காக்கும் வழிமுறைகளைக் குழுவில் கலந்துரையாடுக.